விசாகப்பட்டினத்துக்கு ஒரு கையெழுத்து

போன மாதம் எங்கள் பழைய ஆலையிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். மனிதவளப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவளாம். தொழிலாளர் சுற்றுலாவுக்கு இப்போது செயலி வந்துவிட்டது. ஊர்ப் பெயரைத் தட்டினால் ரயில், விடுதி, சாப்பாடு, எந்த இடத்தில் எவ்வளவு நேரம் நிற்பது என்பது வரை அதுவே சொல்லிவிடுகிறதாம்.

"விசாகப்பட்டினம்னு போட்டா பிளான் நல்லாத்தான் வருது மேடம். ஆனா லைன்ல இருக்கிற அக்காங்க, 'எதுக்கும் ஸ்டெல்லா மேடத்த ஒரு வார்த்த கேட்டுக்கோ'ன்னு சொல்லிட்டுச் சிரிக்கிறாங்க. ஏன் மேடம் சிரிக்கிறாங்க?"

நின்றுகொண்டே சொல்லி முடிக்கிற விஷயமில்லை அது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் படப்பைப் பக்கத்துக் கிராமத்துக்காரி. சமூகப்பணி படித்தேன். ஒரு டயர் ஆலையில் பயிற்சி என்ற பெயரில் கேன்டீன் சாம்பாரைச் சுவை பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். அப்புறம் ஒரகடத்தில், கார்களுக்கு வயர் பின்னித் தரும் ஆலையில் நல அலுவலராகச் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து ஓய்வு பெற்றேன். நல அலுவலர் என்பவர் சட்டம் சொல்வதால் வைத்துக்கொள்ளப்படும் ஆள். தீயணைப்புக் கருவி மாதிரி, சுவரில் மாட்டியிருக்க வேண்டும். யாரும் எடுத்துப் பயன்படுத்திவிடக் கூடாது.

எங்கள் ஆலைத் தலைவர் சந்தானகோபாலன். நல்ல மனிதர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை, 'முடியாது' என்று சொல்லியும் கேட்டதில்லை. முடியாது என்றால், மேசையின் மேலிருக்கும் கண்ணாடிச் சாடியைத் திறந்து, "பிஸ்கட் எடுத்துக்குங்க" என்பார். அவ்வளவுதான், விஷயம் முடிந்தது. கர்ப்பமாக இருக்கும் பெண்களுக்கு உற்பத்தி லைனில் நாற்காலி வேண்டும் என்று போய்க் கேட்டேன். பிஸ்கட் கொடுத்தார். மறுபடி போனேன், மறுபடி பிஸ்கட். அடுத்த தடவை நானே ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டு போய், பிரித்து, அவர் முன்னால் நீட்டினேன். ஒன்றை எடுத்துக் கடித்தவர் பாதியில் நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த வாரமே நாற்காலிகள் வந்தன.

அவருக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. எதைச் சொன்னாலும் வெள்ளைப் பலகை முன்னால் போய் நின்றுகொள்வார். நீலப் பேனாவில் யோசனையை எழுதுவார், சிவப்புப் பேனாவில் அதிலிருக்கும் ஆபத்தை எழுதுவார். கூட்டம் முடியும்போது பலகையில் நீலம் தெரியாது.

நாங்கள் விசாகப்பட்டினம் போன அந்த வருடம், பெண்கள் மட்டுமே வேலை செய்யும் மூன்றாவது லைனிலிருந்து ஒரு பழுதுகூட வெளியே போகவில்லை. வாடிக்கையாளர் கம்பெனியே பாராட்டியது. வெளிநாட்டிலிருந்து வந்திருந்த எங்கள் சேர்மன் நெகிழ்ந்துபோய், "இவர்களை மலையும் கடலும் இருக்கும் ஊருக்கு அழைத்துப் போங்கள்" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டார். தம் ஊரை நினைத்துச் சொன்னாரோ என்னவோ. இங்கே அது உத்தரவாகிவிட்டது. ஊட்டியில் மலை இருக்கிறது, கடல் இல்லை. மகாபலிபுரத்தில் கடல் இருக்கிறது, மலை என்று சொல்ல முடியாது. சந்தானகோபாலன் பலகையில் இரண்டு வட்டம் போட்டு, இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் விசாகப்பட்டினம் என்று எழுதினார்.

உடனே ஒரு குழு அமைக்கப்பட்டது. சுற்றுலா போகப்போகும் பெண்களில் ஒருத்தியும் அதில் இல்லை. சந்தானகோபாலன், பாதுகாப்பு அதிகாரி, கொள்முதல் மேலாளர், பிறகு சுவரில் மாட்டிய பொருளாக நான்.

குழுவின் முதல் முடிவு, இடத்தை நேரில் ஆய்வு செய்வது. நான் தவிர மற்ற மூவரும் விமானத்தில் போய், கடலோர விடுதியில் தங்கி, ஆய்வு செய்துவிட்டுத் திரும்பினார்கள். மூக்கெல்லாம் கறுத்திருந்தது. ஆய்வில் சில ஐயங்கள் மிச்சமிருந்ததால் மறுபடியும் போனார்கள். இரண்டாவது தடவை கொள்முதல் மேலாளர் ஐயம் தீர்ந்த முகத்தோடு மூவருக்கும் சேர்த்து முந்திரிப்பருப்புப் பொட்டலங்களுடன் வந்தார்.

பிறகு பாதுகாப்பு அதிகாரி அறிக்கை வாசித்தார். அந்த ஊரில் கைலாசகிரி என்று ஒரு குன்று இருக்கிறது, மேலே போக ரோப் கார் உண்டு. அது உயரத்தில் செய்யும் வேலைக்குச் சமம் என்பதால் இடுப்பில் பாதுகாப்புப் பட்டை இல்லாமல் ஏறக் கூடாது. கடற்கரையில் பழைய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றை நிறுத்திவைத்துக் காட்சிக்கு விட்டிருக்கிறார்கள். ஆலையில் தொட்டிக்குள் இறங்குகிறவர்களுக்கு உள்ள விதிப்படி, குறுகிய இடத்துக்குள் நுழையும் அனுமதிச் சீட்டு ஒவ்வொருவருக்கும் வேண்டும், வெளியே ஒரு ஆள் காவல் நிற்க வேண்டும். கடல் ஆழமானது, அலை அடிப்பது. ஆகவே கடலைப் பேருந்துக்குள் இருந்தபடி, சன்னலை மூடிக்கொண்டு பார்க்கலாம்.

"அப்ப என்னதான் சார் இறங்கிப் பாக்கலாம்?" என்று கேட்டேன்.

"விடுதியோட டைனிங் ஹால் முழுக்க சேஃப் மேடம்" என்றார் அவர், மனப்பூர்வமாக.

இதற்கு ஒத்திகை வேறு நடந்தது. ஒரு வாரவிடுமுறை நாளில் கம்பெனிப் பேருந்தில் மூன்றாவது லைன் மொத்தத்தையும் ஏற்றி, செம்பரம்பாக்கம் ஏரிக்குக் கூட்டிப்போனோம். ஏரியைக் கடலாகவும் கரையைக் குன்றாகவும் பாவித்துக்கொள்ளச் சொன்னார்கள். பாதுகாப்பு அதிகாரி விசில் ஊதினால் ஏற வேண்டும், இரண்டு விசில் என்றால் இறங்க வேண்டும். ஜோடி ஜோடியாகக் கை கோத்து, தலையில் மஞ்சள் ஹெல்மெட்டுடன் பெண்கள் கரையில் ஏறுவதை ஆடு மேய்க்க வந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"இதான் வைசாகா மேடம்? இன்னா, நம்ம ஏரி மாதிரியே கீது!" என்றாள் தேவகி. ஒரே சிரிப்பு. அதிகாரி விசிலை ஊதி, சிரிப்பது ஒத்திகையில் இல்லை என்றார்.

தேவகி அந்த லைனின் லீடர். சேரப்பணஞ்சேரிக்காரி, விவசாயக் குடும்பம். கணவர் லாரி மோதி இறந்தபோது இரண்டு பெண் குழந்தைகளும் கையைப் பிடித்து நடக்கும் வயது. ஒரு காரின் மொத்த வயர்ப் பின்னலையும் கண்ணால் ஒரு தடவை பார்த்து, முத்திரை குத்தி அனுப்புவது அவள் பொறுப்பு. அவள் முத்திரை இல்லாமல் ஒரு பெட்டியும் வாசலைத் தாண்டாது.

இப்படிப்பட்டவளை வெளியூர் அனுப்ப, தலைமை அலுவலகத்துச் சட்டப் பிரிவு ஒரு படிவம் அனுப்பிவைத்தது. 'பங்கேற்பாளர் ஒவ்வொருவரும் தம் பாதுகாவலரின் ஒப்புதல் கையெழுத்தைப் பெற்றுத் தர வேண்டும்.' கல்யாணமாகாதவர்களுக்கு அப்பா, ஆனவர்களுக்குப் புருஷன் என்று சந்தானகோபாலன் விளக்கினார்.

"தேவகிக்கு ரெண்டு பேரும் இல்ல சார்."

அவர் பலகையைப் பார்த்தார். சிவப்புப் பேனாவை எடுத்தார். "வேற யாராவது ஆண் உறவினர் இருப்பாங்களே. கொழுந்தனார், அந்த மாதிரி?"

கொழுந்தன் இருந்தார். முருகேசன். நிலத்தில் ஒரு பகுதியை அவர் அப்பா காலத்திலேயே சாலைக்கும் ஆலைக்கும் கொடுத்து, அந்தப் பணத்தில் வேன்கள் வாங்கி, சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து ஆலைகளுக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தார். அண்ணன் போன பிறகு தேவகியோடு பேச்சுவார்த்தை இல்லை. கையெழுத்துக்காக அவர் வீட்டுக்கு நானும் கூடப் போனேன். கம்பெனி ஆள் வந்தால் காரியம் சுலபமாகும் என்று நினைத்தேன். ஒரு வகையில் ஆயிற்று.

முருகேசன் மிக மரியாதையாக வரவேற்றார். "வாங்க மேடம், ஒக்காருங்க. ஜூஸ் சொல்லட்டா? ஃபேன போடும்மே!" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

நான் படிவத்தைக் கொடுத்து விவரம் சொன்னேன். அவர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "வைசாகா? ஏன், இங்க மகாபலிபுரத்துல கடல் இல்லியா?" என்றார்.

"மலையும் வேணுமாம் தம்பி" என்றாள் தேவகி. நெடுநாளைக்குப் பிறகு அவரோடு அவள் பேசிய முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

"சரி, போய்ட்டு வாங்க அண்ணி. நான் இன்னா வாணாம்னா சொல்லப்போறேன்? கையெழுத்துதானே, போட்டுட்டா போச்சி." சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தவர் மூடியைக் கழற்றாமல் கையில் உருட்டினார். "நீங்களும் ஒரு கையெழுத்து போட்டுடுங்க. ரோட்டுமேல கீற அந்த நெலத்துக்கு ஒரு பார்ட்டி வந்துகினு கீது. குடோன் கட்டப்போறாங்களாம். விடுதலைப் பத்திரம் ஒண்ணு எழுதிக் குடுத்துட்டீங்கன்னா என் வேல முடிஞ்சிடும். நீங்க ஜாலியா ஊர் சுத்திட்டு வரலாம்."

நான் வாயைத் திறப்பதற்குள் தேவகி எழுந்து நின்றாள்.

"எனக்கு வைசாக் வாணாம் மேடம். வாங்க போலாம்."

வெளியே வந்து ஷேர் ஆட்டோவில் ஏறினோம். அவள் அழுவாள் என்று நினைத்து நான் கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தேன். அவள் சாலையையே பார்த்தபடி வந்தாள். ஒரகடம் மேம்பாலம் தெரிந்ததும் மெதுவாகக் கேட்டாள்.

"மேடம், எங்க மாமியார் செத்தப்பவே, 'ஆம்பளப் புள்ள இல்லாதவளுக்கு நெலத்துல ஒண்ணும் கெடையாது'ன்னு இவன் பஞ்சாயத்துல சொன்னான். நானும் சரின்னு வுட்டுட்டேன்."

"உம்."

"ஒண்ணும் கெடையாதுன்னா என் கையெழுத்து இன்னாத்துக்கு மேடம் இவனுக்கு?"

அந்தப் படிவத்தால் உலகத்துக்கு விளைந்த ஒரே நன்மை இந்தக் கேள்விதான். "உன் கையெழுத்து இல்லாம அவரால விக்க முடியாது, தேவகி. உனக்கும் உன் பொண்ணுங்களுக்கும் பங்கு இருக்கு" என்றேன். அவள் சில்லறை கொடுத்து இறங்கும்போது, "நாளைக்கு செகண்ட் ஷிப்ட்டு மேடம், வரேன்" என்றாள், ஒன்றுமே நடக்காததுபோல.

மறுநாள் காலை நான் சந்தானகோபாலன் அறைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். நில விவகாரத்தையும் மறைக்கவில்லை. அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். முகம் சுருங்கியது. பிறகு கை சாடிக்குப் போனது.

"வேணாம் சார்" என்றேன். "தேவகி வரலைன்னா மூணாவது லைன்ல யாரும் வரமாட்டாங்க. சேர்மனுக்கு போட்டோ அனுப்ப, ஆய்வுக்குப் போன நீங்க மூணு பேரும்தான் நிக்கணும்."

"எனக்குப் புரியுது ஸ்டெல்லா. ஆனா ப்ராசஸ்னு ஒண்ணு இருக்கு. படிவம் எல்லாருக்கும் பொது."

இதற்காகத்தான் காத்திருந்தேன். "அதைத்தான் சார் நானும் சொல்ல வந்தேன். 'பங்கேற்பாளர் ஒவ்வொருவரும்'னு போட்டிருக்கு. நீங்களும் வர்றீங்க, பாதுகாப்பு அதிகாரியும் வர்றார், நானும் வரேன். எங்க வீட்டுக்காரர் காலையிலேயே போட்டுட்டார், இந்தாங்க. உங்க பாதுகாவலர் கையெழுத்து இன்னும் வரல."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பலகைக்குப் போய் ஏதோ எழுத நினைத்து, எந்த நிறப் பேனா என்று தெரியாமல் நின்றார். விதி என்று ஒன்று அச்சில் இருந்தால் அதை மீற முடியாத மனிதர் அவர். அது அவருடைய பலவீனம் என்று மற்றவர்கள் சொல்வார்கள். அன்றைக்கு எனக்கு அது பெரிய உதவியாக இருந்தது. படிவத்தை மடித்து வீட்டுக்கு எடுத்துப் போனார்.

அன்று மாலையே அவர் மனைவி என்னைக் கூப்பிட்டார். ஆயுத பூஜைக்கு ஆலைக்கு வரும்போது பார்த்துச் சிரித்திருக்கிறோம், அவ்வளவுதான் பழக்கம்.

"ஸ்டெல்லாவா? நான் சந்தானகோபாலன் மிஸஸ் பேசறேன்மா. ஒரு சின்ன சந்தேகம். இந்த ஊருக்கு இவர் ஏற்கெனவே ரெண்டு தடவ போயிட்டு வந்துட்டாராமே?"

"ஆமாங்க. ஆய்வுக்கு."

"எங்கிட்ட வெளியூர்ல சப்ளையர் விசிட்னு சொன்னார்மா. முந்திரிப்பருப்பு எப்படி வந்ததுன்னு அப்பவே யோசிச்சேன்." அடுத்ததாகக் கேட்டார், "இந்தக் கையெழுத்து நான் போடலைன்னா என்ன ஆகும்?"

"விதிப்படி சார் வர முடியாதுங்க."

"அப்படியா!" என்றார். அந்த ஒரு வார்த்தையில் இருந்த சந்தோஷத்தை என்னால் எழுதிக்காட்ட முடியாது.

மறுநாள் சந்தானகோபாலன் கையெழுத்தில்லாத படிவத்தோடு வந்தார். பாதுகாப்பு அதிகாரியின் கதை இன்னும் மோசம். அவருக்குப் பாதுகாவலர் யார், மனைவியா அம்மாவா என்று வீட்டில் பெரிய சண்டையாகி, இரண்டு பேருமே சமையலை நிறுத்திவிட்டார்கள். மத்தியானத்துக்குள் சுற்றறிக்கை வந்துவிட்டது. 'மதிப்புக் கூட்டாத நடைமுறை என்பதால் மேற்படி படிவம் நீக்கப்படுகிறது.' அதோடு நிற்கவில்லை. நடைமுறையை எளிமையாக்கிய சிறந்த யோசனைக்கு என்று தலைமை அலுவலகம் சந்தானகோபாலனுக்கு ஒரு கேடயமும் கொடுத்தது. அவர் அதை வாங்கிக்கொண்டபோது நான் பலமாகக் கைதட்டினேன். கேடயம் போனால் போகட்டும், படிவம் திரும்பி வராமலிருந்தால் சரி.

முருகேசனிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. தேவகி பெட்டியில் சேலைகளை அடுக்கினாள். குழந்தைகளைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்தாள். சென்ட்ரலில் ரயில் ஏறியபோது லைன் முழுக்க இருந்தது. சந்தானகோபாலனும் வந்தார். அவர் மனைவியும் வந்திருந்தார், சொந்த டிக்கெட்டில்.

விசாகப்பட்டினம் அழகான ஊர். ரோடு ஏறுகிறது, இறங்குகிறது, திரும்புகிற இடத்திலெல்லாம் ஒரு துண்டு கடல் தெரிகிறது. எங்கள் பேருந்து கடற்கரைச் சாலையில் திட்டப்படி மெதுவாக ஊர்ந்தது. சன்னல்களை மூடியிருந்தோம். பாதுகாப்பு அதிகாரி முன்னால் நின்று, "இடது பக்கம் கடல். எல்லாரும் பாத்தாச்சா?" என்றார்.

"அண்ணா, கொஞ்சம் நிறுத்து" என்றாள் தேவகி. ஓட்டுநருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நிறுத்தினார். அவள் இறங்கினாள். பின்னாலேயே மற்றவர்களும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். அதிகாரி விசில் ஊதினார். ஒரு விசிலுக்கு ஏற வேண்டுமா இறங்க வேண்டுமா என்பது ஏரிக்கரையோடு எல்லோருக்கும் மறந்துவிட்டிருந்தது. அவர் ஓடிப்போய், ஆலையிலிருந்து எடுத்துவந்திருந்த மஞ்சள் கறுப்பு எச்சரிக்கை நாடாவை மணலில் குச்சி நட்டுக் கட்டினார். அடுத்த அலை நாடாவையும் குச்சியையும் அவருடைய ஒரு செருப்பையும் எடுத்துக்கொண்டு போயிற்று. அந்தச் செருப்பைப் பிடித்துக் கொடுத்தது மூன்றாவது லைன்தான்.

சந்தானகோபாலன் ஷூவோடு மேட்டிலேயே நின்றார். அவர் மனைவி முழங்கால் வரை தண்ணீரில் நின்று, "என்ன, பிஸ்கட் வேணுமா?" என்று அங்கிருந்தே கத்தினார். வீட்டிலும் அதே சாடிதான் போலிருக்கிறது. அவர் உட்கார்ந்து ஷூ நாடாவை அவிழ்த்தார்.

நீர்மூழ்கிக் கப்பலுக்குள் எல்லோரும் போனோம். குறுகிய கதவுகளில் குனிந்து குனிந்து நடந்தோம். உள்ளே ஓடுகிற வயர்க் கட்டுகளைப் பார்த்துவிட்டு, எது எங்கே போகிறது என்று அவர்களுக்குள் பந்தயம் கட்டிக்கொண்டார்கள். சாயங்காலம் ரோப் காரில் கைலாசகிரி ஏறினோம். கீழே ஊர் முழுவதும் வளைந்து படுத்திருந்தது. மற்றவர்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்க, தேவகி கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி தனியாக நின்றாள். பக்கத்தில் போனேன்.

"இன்னா தேவகி, பயமா இருக்கா?"

"இல்ல மேடம். யோசிச்சிகினு இருந்தேன். இங்க வர்றதுக்கு எவ்ளோ வேல பாத்தோம்? ஏரியில ஒத்திக, ஃபார்மு, டிக்கெட்டு. ஒண்ணுமே தெரியாத ஊருக்கு அவ்ளோ பேரும் ஒழுங்கா வந்து சேந்துட்டோம். எங்க ஊர்லேந்து தாலுகா ஆபீஸ் ஒரு பஸ்ஸுதான் மேடம். நான் ஒரு தடவ கூடப் போனதில்ல."

திரும்பி வந்தபின் தாலுகா ஆபீசுக்கு அவள் போட்ட பயணத் திட்டத்துக்குக் குழு கிடையாது, வெள்ளைப் பலகை கிடையாது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் எல்லாம் வாங்கிச் சேர்க்க நான் வழி சொன்னேன். முருகேசன் ஆள் விட்டுப் பேசிப் பார்த்தார், வேன் ஓட்டுநர்களிடம் அவளைப் பற்றி வாய்க்கு வந்ததைச் சொன்னார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பட்டாவில் அவள் பெயரும் பெண்களின் பெயரும் ஏற வெகுநாள் ஆயிற்று, ஆனால் ஏறிவிட்டது. குடோன் கட்டவந்தவர் இப்போது தேவகியிடமும் உட்கார்ந்துதான் பேச வேண்டியிருக்கிறது.

அவள் முதன்முதலாக மனு கொடுக்கப் போன நாளைச் சொல்லி முடிக்கிறேன். ஆலையில் வாரவிடுமுறையை மாற்றிவிட்டதால் எங்களுக்கு லீவாகக் கிடைத்த ஒரு வேலைநாள் அது. நான் துணைக்குப் போனேன். எனக்கு முன்னாலேயே மூன்றாவது லைன் வந்து பெஞ்சுகளிலும் படிக்கட்டிலும் வரிசையாக உட்கார்ந்திருந்தது. யாரும் கூப்பிடவில்லையாம். சும்மா, தாலுகா ஆபீஸ் எப்படி இருக்கும் என்று பார்க்க வந்தார்களாம்.

மேசைக்குப் பின்னாலிருந்தவர் மனுவை வாங்காமல் தேவகியை ஏற இறங்கப் பார்த்தார்.

"கூட ஆம்பள யாரும் வரலியாம்மா?"

தேவகி சுற்றுமுற்றும் பார்த்தாள். நிஜமாகவே யோசித்தாள்.

"இல்லியே சார். எதுனா தூக்கி வெக்கணுமா?"